முகாமுக்கு முன்னால் எழுத வேண்டிய ஒரு பக்கம்

பெறுநர்: திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர்கள், பொது சுகாதாரம், பள்ளிக் கல்வி, தொழிலாளர் நலத் துறைகளின் அலுவலர்கள், பீடி நிறுவனங்கள், நூல் மில்களின் நிர்வாகிகள்.

அனுப்புநர்: நெல்லைச் சீமையில் ஆய்வகத்திலும் களத்திலும் வேலை பார்க்கும் லேப் டெக்னீசியன்கள், செவிலியர்கள், மருத்துவர்கள் சிலர்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பள்ளிக்கூடத்தில் ஹீமோகுளோபின், பீடிக் கடையில் சளி, மழை விட்ட பிறகு தெருவில் காய்ச்சல்காரர் ரத்தம் என்று நம் பக்கத்தில் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு பரிசோதனை முகாம் நடக்கிறது. அதற்குப் பணமும் ஆளும் ஒதுக்கும் உங்களுக்கு எங்கள் நன்றி. ஆனால் முகாம் முடிந்த மாலையில் எங்களிடம் கேட்கப்படுவது ஒரே ஓர் எண்தான்: இன்று எத்தனை பேருக்கு எடுத்தீர்கள்? அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். குறை தெரிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்பது அந்தக் கட்டம். அதை யார், எப்போது, எதை வைத்து நிரப்பப் போகிறார்கள் என்பது முகாமுக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத முடியாத முகாமைத் தள்ளி வைப்பதே நல்லது.

முதலில் பள்ளிக்கூடம். ரத்தசோகை பார்க்கும் முகாமில் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து ஒரு பெண்பிள்ளையின் மூன்று மாத மருந்தைத் தீர்மானிக்கிறோம். அந்தச் சொட்டு சரியாக வர வேண்டும். நடுவிரலிலோ மோதிர விரலிலோ, நுனியின் நடுவை விட்டுச் சற்றுப் பக்கவாட்டில் குத்த வேண்டும். கை குளிர்ந்திருந்தால் முதலில் தேய்த்துச் சூடாக்க வேண்டும். ஸ்பிரிட் முழுவதும் உலராமல் குத்தினால் அது ரத்தத்தோடு கலந்து அளவைக் குறைத்துக் காட்டும். முதலில் வரும் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்து வருவதை எடுக்க வேண்டும். சொட்டு வரவில்லையே என்று விரலைப் பிதுக்கக் கூடாது. பிதுக்கினால் தசையிலிருக்கும் நீரும் சேர்ந்து வந்து, நல்ல ரத்தமுள்ள பிள்ளையும் சோகைக்காரியாகக் கணக்கில் ஏறிவிடுவாள். குவெட் (ரத்தத்தை இழுத்துக்கொள்ளும் சிறு தகடு) வைக்கும் கருவியென்றால் அந்தக் குவெட் ஒரே இழுப்பில் நிரம்ப வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி தெரிந்தால் அதைப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும். அதிலேயே மறுபடி நிரப்பக் கூடாது. வெளிப்புறத்தில் ஒட்டிய ரத்தத்தைத் துடைக்காமல் வைத்தால் அளவு கூடிக் காட்டும்.

இத்தனையும் முறையாகச் செய்தால் ஒரு பிள்ளைக்கு மூன்று, நான்கு நிமிடம் ஆகிறது. மணிக்கு 15 முதல் 20 பேர். காலை நான்கு மணி நேரத்தில் ஒரு டெக்னீசியனால் 60 முதல் 80 பிள்ளைகள். ஓர் ஆளை அனுப்பி, மதியச் சாப்பாட்டுக்குள் 300 பேரை முடிக்கச் சொன்னால், உலராத ஸ்பிரிட்டும் பிதுக்கிய விரலும் அங்கிருந்துதான் வருகின்றன. அது அந்த ஆளின் அலட்சியம் இல்லை, முகாமை வகுத்தவர்கள் போட்ட கணக்கு. 300 பேர் உள்ள பள்ளிக்கு நான்கு நாள் கொடுங்கள், அல்லது நான்கு பேரை அனுப்புங்கள்.

கருவிக்கும் நம் ஊர்க் காற்று ஒத்துப்போக வேண்டும். பல கருவிகளின் ஸ்டிரிப்பும் குவெட்டும் 15 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் நிறுத்தி வைத்த ஜீப்புக்குள் அந்த அளவு எங்கே இருக்கும்? ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் அடிக்கும்போது வேறு சிக்கல். டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டால் ஸ்டிரிப் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதன்பின் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. ஒன்றை எடுத்தவுடன் மூடியை இறுக்க வேண்டும். டப்பாவைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு நாளும் முதல் பிள்ளைக்கு முன்பு, அளவு தெரிந்த கட்டுப்பாட்டுத் திரவத்தை ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அது சொல்லப்பட்ட எல்லைக்குள் வராவிட்டால் அன்றைக்கு அந்தக் கருவியைத் தொடக் கூடாது. வாங்கும் டெண்டரில் கருவியின் விலையோடு கட்டுப்பாட்டுத் திரவத்தின் விலையையும் சேர்த்துக் கேளுங்கள். பல நேரம் கருவி வந்துவிடுகிறது, திரவம் வருவதில்லை.

எல்லாருக்கும் ஹீமோகுளோபின் 12 கிராம் என்று ஒரே கோடு போடுவதும் பெரிய தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 5 முதல் 11 வயது வரை 100 மில்லி ரத்தத்தில் 11.5 கிராமுக்குக் கீழே போனால் சோகை. 12 முதல் 14 வயது வரை 12. 15 வயதுக்கு மேல் பெண்பிள்ளைகளுக்கு 12, பையன்களுக்கு 13. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் 11.7 சரியான அளவு. பதினொன்றாம் வகுப்புப் பையனின் 12.4 குறைவான அளவு. பையன்களைப் பரிசோதிக்காமலே விட்டுவிடும் பள்ளிகளும் உண்டு. அவர்களிலும் சோகை இருக்கிறது. எட்டுக்குக் கீழே உள்ள எந்தப் பிள்ளையையும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, தேவைப்பட்டால் ஐகிரவுண்டு (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிக்கு, கூட ஓர் ஆளோடு அனுப்ப வேண்டும். சீட்டை மட்டும் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் அது புத்தகப் பைக்குள்ளேயே மடிந்து கிடக்கும்.

விரல் சொட்டில் வரும் எண் ஒரு கிராம் அளவுக்குக்கூட இப்படி அப்படி ஆடும். இன்று 11.6, நாளை 12.3 என்றால் அந்தப் பிள்ளையின் ரத்தம் மாறிவிட்டது என்று பொருளில்லை. ஆகவே கோட்டை ஒட்டி வருபவர்களுக்கும் எட்டுக்குக் கீழே வருபவர்களுக்கும் நரம்பிலிருந்து 2 மில்லி எடுத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துள்ள ஊதா மூடிக் குழாயில் விட்டு, எட்டு முதல் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, அன்றைக்கே லேபுக்கு அனுப்பும் ஏற்பாடு வேண்டும். குலுக்கினால் அணுக்கள் உடையும்; கலக்காமல் விட்டால் கட்டி தட்டும். லேப் கருவி அணுவின் அளவையும் சேர்த்துச் சொல்லும். அணுக்கள் ரொம்பச் சிறியவையாக இருந்து, எண்ணிக்கை மட்டும் நிறைய இருந்தால், இரும்புச் சத்துக் குறைவைத் தவிர தலசீமியாக் கூறு (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாட்டின் லேசான வடிவம்) இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்தாலும் எண் ஏறாது, “நீ மாத்திரையே முழுங்கலை” என்ற பழிதான் மிஞ்சும்.

அடுத்தது மாத்திரை. வாரம் ஒன்று என்று பள்ளியில் கொடுக்கும் நீல மாத்திரை சோகை வராமல் காப்பதற்கு. சோகை வந்துவிட்ட பிள்ளைக்கு மருத்துவர் சொல்லும் அளவில் தினமும், ஏறக்குறைய மூன்று மாதம் வேண்டும். முகாமில் சோகை என்று எழுதிவிட்டு, அதே வார மாத்திரையைத் தொடரச் சொல்வது வீண். எத்தனை பிள்ளைகளுக்குத் தினசரி மாத்திரை தேவைப்படும் என்று முன்கூட்டியே கணித்து, முகாமுக்கு முந்தைய வாரமே இருப்பு வந்திருக்க வேண்டும். மாத்திரையை மதியச் சத்துணவுக்குப் பின் ஆசிரியர் கண்முன் விழுங்கச் செய்வதே நல்லது. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டலும் வயிற்றுவலியும் வரும்; ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் வகுப்பே அடுத்த வாரம் மாத்திரையைச் சன்னல் வழியே எறியும். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காப்பி வேண்டாம். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். ஆண்டுக்கு இரண்டு முறை கொடுக்கும் குடற்புழு மாத்திரை விட்டுப்போயிருந்தால் அதையும் அப்போதே கொடுக்க வேண்டும்.

நான்கு வாரம் கழித்து அதே பிள்ளைகளை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும். மாத்திரை சேர்ந்திருந்தால் ஒரு கிராம் அளவுக்கு ஏறியிருக்கும். ஏறாதவர்களிடம் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். மாதவிலக்கில் அதிக ரத்தம் போகிறதா, லீவு நாளில் மாத்திரை விட்டுப்போகிறதா, வயிற்றில் புழுவா, வேறு நோயா என்று. இந்தப் பேச்சைக் கிராம சுகாதார செவிலியர் நடத்தட்டும். வகுப்பறையில் பெயரைக் கூப்பிட்டு “உனக்கு ரத்தம் இல்லை” என்று சொல்வதும், அளவுகளைப் பட்டியலிட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதும் உடனே நிற்க வேண்டும். எண் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் மூடிய சீட்டில் போகட்டும். நாலாவது வார மறுபரிசோதனைக்கு ஆளும் ஸ்டிரிப்பும் இல்லையென்றால், முதல் நாளில் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து மீதியை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை 1,000 பேரைப் பார்ப்பதைவிட 500 பேரை இரண்டு முறை பார்ப்பது நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கண் பரிசோதனையில் இந்தச் சங்கிலி ஓரளவு ஒழுங்காக நடக்கிறது, ஏனென்றால் அதன் முடிவில் கண்ணாடி என்ற ஒரு பொருள் பிள்ளையின் முகத்தில் தெரிகிறது. அதிலும் ஒரு குறை உண்டு. எழுத்துப் பலகையிலிருந்து பிள்ளை 6 மீட்டர், அதாவது 20 அடி தள்ளி நிற்க வேண்டும். பல வகுப்பறைகள் அவ்வளவு நீளம் இல்லை. வராந்தாவில் நாடாவால் அளந்து கோடு போட்டுக்கொள்ளலாம். ஒரு கண்ணை உள்ளங்கையைக் குவித்து மூடச் சொல்லுங்கள். விரலால் மூடினால் இடுக்கு வழியே பார்க்கும்.

பீடிக்கு வருகிறோம். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், பேட்டை, கடையநல்லூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் மடியில் சொளவை (முறத்தை) வைத்து இலையும் தூளுமாய் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். வேலை வீட்டிலேயே நடக்கிறது, சுற்றிய பீடியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளி கொடுங்கள் என்பது காசநோய்த் திட்டத்தின் முதல் விதி. இவர்களிடம் அது சரியாக வேலை செய்வதில்லை. புகையிலைத் தூளால் பாதிப்பேர் எப்போதும் இருமிக்கொண்டிருக்கிறார்கள். தூள் இருமல் என்று அவர்களே ஒதுக்கிவிடுகிறார்கள். ஆகவே இருமலோடு நிறுத்தாமல், மாலைக் காய்ச்சல், எடை இறங்குவது, ராத்திரி வியர்வை, சளியில் ரத்தம், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்ற ஐந்தையும் கேட்க வேண்டும். பழைய இருமலின் சுபாவம் மாறியிருக்கிறதா என்று கேட்பது இன்னும் பயனுள்ளது. இவர்களுக்கு எக்ஸ்ரேயையும் முதல் படியாக வைக்கலாம்.

எக்ஸ்ரே எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. 5,000 பேர் என்று வைத்துக்கொள்வோம், அதில் 10 பேருக்கு உண்மையில் காசநோய். நோயுள்ள 100 பேரில் 90 பேரைப் பிடித்து, நோயில்லாத 100 பேரில் 95 பேரைச் சரியாக விட்டுவிடும் ஒரு நல்ல பரிசோதனையை இவர்களுக்குச் செய்கிறோம். 10 பேரில் 9 பேர் கிடைப்பார்கள். மீதி 4,990 பேரில் நூற்றுக்கு 5 வீதம் சுமார் 250 பேருக்கு நோய் இல்லாமலே நிழல் தெரியும். மொத்தம் 259 பேர் சந்தேகப் பட்டியலில் வருவார்கள். உண்மை நோயாளி அதில் 9. இந்த 259 பெயரை நிர்வாகத்திடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 250 குடும்பங்களில் பீதி, சிலருக்கு வேலையும் போகும். அதற்குப் பதில் அதே 259 பேரிடமும் அன்றே சளி வாங்கி சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்ற, கிருமியின் மரபணுவைத் தேடும் கருவியில் ஓட்டினால், அந்த 250 பேரில் இரண்டு மூன்று பேரைத் தவிர எல்லாரும் கழிந்துவிடுவார்கள். முதல் பரிசோதனை வலை, இரண்டாவது சல்லடை. இரண்டாவது தயாராக இல்லாத ஊரில் முதலாவதை நடத்தக் கூடாது.

சளி எடுப்பதிலும் பாதி முகாம்கள் தோற்கின்றன. டப்பாவில் வருவது பெரும்பாலும் எச்சில். நுரைத்து, தண்ணீர் போல் இருந்தால் அது எச்சில்தான், திருப்பி அனுப்ப வேண்டும். தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து விட்டு, அடி நெஞ்சிலிருந்து இருமச் சொல்ல வேண்டும். கெட்டியாக, 2 மில்லிக்குக் குறையாமல் வேண்டும். முடிந்தால் ஒன்று முகாமிலும், மற்றொன்று காலையில் எழுந்தவுடன் வீட்டிலும். இருமும் இடம் திறந்தவெளியாக, மற்றவர்களிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும். பீடிக் கடையின் உள்ளறையில் வைத்து இரும வைப்பது நோயை விநியோகிப்பதற்குச் சமம். பெண்கள் பலர் முன் காறித் துப்பக் கூச்சப்படுவார்கள், அதனால்தான் எச்சில் வருகிறது. ஒரு மறைப்பும், சொல்லிக்கொடுக்க ஒரு பெண் பணியாளரும் இருந்தால் போதும். பெயரை மூடியில் எழுதாமல் டப்பாவின் பக்கத்தில் எழுத வேண்டும். லேபில் மூடி மாறிவிடும். குளிர்பெட்டியில் வைத்து அன்றே அனுப்ப வேண்டும்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நெகட்டிவ் என்று வருவதோடு நிறுத்துவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் மைக்ரோஸ்கோப்பில் அகப்படும். சிபிநாட் கருவிக்கு நூற்றுச் சொச்சம் போதும். இரண்டு மணி நேரத்தில் முடிவு வரும். காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா கேட்காதா என்பதையும் சேர்த்துச் சொல்லும். மருந்து கேட்காத கிருமிக்குச் சாதாரண ஆறு மாத மருந்தைத் தொடங்கிவிட்டு அப்புறம் திண்டாட வேண்டியதில்லை.

முடிவு பாசிட்டிவ் வந்தால்? இங்கேதான் நிறுவனங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. பீடிக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. இலையும் தூளும் தர மறுத்தால் அந்த வாரமே அடுப்பு எரியாது. ஒரு பெண்ணுக்கு அப்படி நடந்தது தெரிந்தால் அடுத்த முகாமில் அந்தத் தெருவே சளி கொடுக்காது. சரியான மருந்து தொடங்கிய இரண்டு வாரத்தில் பெரும்பாலோரிடமிருந்து நோய் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அந்த இரண்டு வாரத்துக்குக் கூலி ஈடு கொடுத்து, மருந்து முடியும்வரை கணக்கில் பெயரை வைத்திருப்போம் என்று நிறுவனம் முகாமுக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும். காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறது. 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது. அது சாப்பாட்டுக்கு, கூலிக்கு ஈடாகாது. வங்கிக் கணக்கு எண்ணை முகாம் அன்றே சரிபார்த்து வாங்கினால் அந்தப் பணமாவது தாமதமில்லாமல் போய்ச் சேரும். முக்கூடலில் பீடித் தொழிலாளருக்கென்றே நல மருத்துவமனை இருக்கிறது. தொடர் கவனிப்பை அங்கே இணைக்கலாம்.

வீட்டுக்குள் நடக்கும் தொழில் என்பதால் ஒருவருக்கு நோய் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கட்டிக் கொடுக்கும் பிள்ளை, மாமியார் எல்லாரையும் அந்த வாரத்திலேயே பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் நோய் இல்லையென்று உறுதி செய்து தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். இதைப் படிவத்தில் தனி வரியாகக் கேட்டால் மட்டுமே நடக்கும்.

நூல் மில்களைப் பற்றிச் சுருக்கமாக. பஞ்சுத் தூசியால் வரும் மூச்சிறுக்கம் வார விடுமுறை கழித்து வேலைக்கு வரும் முதல் நாளில்தான் அதிகமாக இருக்கும். ஆகவே ஊதும் பரிசோதனையை அந்த நாளில், ஷிப்டுக்கு முன் ஒரு முறையும் முடிந்த பின் ஒரு முறையும் எடுத்து, முதல் நொடியில் வெளியேறும் காற்று எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வியாழக்கிழமை காலையில் எடுத்தால் பெரும்பாலும் எல்லாரும் நன்றாகவே இருப்பார்கள். காது பரிசோதனைக்கு நேர் எதிர்: தறியோ ஸ்பின்னிங்கோ, சத்தத்திலிருந்து 14 மணி நேரமாவது விலகி இருந்த பின் எடுக்க வேண்டும். ஷிப்டு முடிந்த கையோடு எடுத்தால் தற்காலிகச் செவிட்டுத்தன்மை நிரந்தரமானதாகப் பதிவாகும்.

வேலைக்குச் சேர்க்கும் முன் ரத்தம் எடுத்து ஹெச்.ஐ.வி. பார்ப்பது சட்டத்துக்கு எதிரானது என்பதையும் நிர்வாகிகளுக்கு நினைவூட்டுகிறோம். 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதை வேலைக்கோ படிப்புக்கோ நிபந்தனையாக வைப்பதைத் தடுக்கிறது. மற்ற நோய்களுக்கும் “நெகட்டிவ் சர்டிபிகேட்” கேட்பதால் பயனில்லை. அந்தச் சீட்டு எடுத்த நாளைப் பற்றி மட்டுமே பேசும்.

கடைசியாகக் காய்ச்சல். 2012இல் கடையநல்லூரிலும் சுற்று வட்டாரத்திலும் டெங்கு பரவியதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. காய்ச்சல் முகாமில் மிக முக்கியமான கட்டம் “காய்ச்சல் தொடங்கிய தேதி”. அதுதான் அதிகம் காலியாக இருக்கும் கட்டமும். காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் என்.எஸ்.1 (டெங்குக் கிருமியின் புரதம்) பார்க்க வேண்டும், அதன்பின் ஐ.ஜி.எம். (கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) பார்க்க வேண்டும். இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். பார்த்து நெகட்டிவ் என்று வீட்டுக்கு அனுப்பினால் அது பொய்யான ஆறுதல். ஐ.ஜி.எம். இரண்டு மூன்று மாதம்கூட ரத்தத்தில் தங்கும் என்பதால் பாசிட்டிவ் வந்தாலும் அது போன காய்ச்சலுடையதாக இருக்கலாம். ஏற்கெனவே ஒரு முறை டெங்கு வந்தவர்களிடம் என்.எஸ்.1 தவறவிடுவதும் உண்டு, அவர்களுக்குத்தான் நோய் முற்றும் ஆபத்தும் அதிகம். ஆகவே முடிவு எதுவானாலும், காய்ச்சல் விட்ட அடுத்த இரண்டு நாள் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ரத்தக் கசிவு, கை கால் சில்லிடுவது ஆகியவற்றைக் கவனிக்கும்படி சொல்லி, யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம் என்பதையும். ஒரே ஒரு வைடல் பரிசோதனையை வைத்து டைபாய்டு என்று எழுதுவதைத் தனியார் லேப்களும் நிறுத்த வேண்டும். தெளிவான விடை வேண்டுமென்றால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தக் கல்ச்சர்தான் (ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது) வழி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணிக் கரையெங்கும் தண்ணீர் நின்றது. அப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் முகாமை எப்போது வைப்பது? கிருமி உடம்பில் ஏறி நோய் தெரியப் பெரும்பாலும் 5 முதல் 14 நாள் ஆகும், ஐ.ஜி.எம். தெரிய அதற்கு மேலும் ஐந்தாறு நாள். தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் நடக்கும் முகாமில் யாரும் அகப்பட மாட்டார்கள், பேனர் மட்டும் மிஞ்சும். இரண்டாவது, மூன்றாவது வாரத்துக்கு ஆளையும் பரிசோதனைக் கிட்டையும் மிச்சம் வையுங்கள். காய்ச்சல்காரரின் அக்குள், இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டது போன்ற கறுப்பு வடு இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பரிசோதனைக் கிட் எதுவும் வேண்டாம்; இருந்தால் ஸ்க்ரப் டைபஸ் (சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சல்) சந்தேகம், மருத்துவர் அன்றே மருந்து தொடங்கலாம்.

டெங்குவுக்கு ஆளைப் பரிசோதிப்பதைவிடத் தொட்டியைப் பரிசோதிப்பது முந்தியது. குடிதண்ணீர் சில நாளுக்கு ஒரு முறை வரும் தெருக்களில் ஒவ்வொரு வீட்டிலும் சிமெண்டுத் தொட்டியும் டிரம்மும் குடமுமாய்த் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். முட்டையிலிருந்து கொசு பறக்க ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள். அதனால் பார்வையிடுவது வாரம் ஒரு முறை நடக்க வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்றால் ஒரு தலைமுறைக் கொசு தப்பிவிடும். தண்ணீரைக் கொட்டுவதோடு விடாமல் தொட்டியின் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்; நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிய முட்டை காய்ந்தே மாதக்கணக்கில் இருந்து, அடுத்த முறை நிரம்பும்போது பொரிக்கும்.

அந்த ஒரு பக்கத்தில் இருக்க வேண்டியவை இவை: யாரை, எந்த நாளில் பரிசோதிக்கிறோம், ஏன் அந்த நாள், ஓர் ஆள் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை, கோடு எந்த அளவில், சந்தேகம் வந்தால் இரண்டாவது பரிசோதனை எங்கே, எத்தனை மணி நேரத்துக்குள், முடிவை யார், எங்கே வைத்துத் தனியாகச் சொல்வார், மருந்து இருப்பு எவ்வளவு, அன்றைய கூலியை யார் தருவார், மறுபரிசோதனைத் தேதி, பெயர்ப் பட்டியலை யார் மட்டும் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பதவியின் பெயரும் அலைபேசி எண்ணும் வேண்டும். “சம்பந்தப்பட்ட துறை” என்று எழுதினால் அந்த வரி காலி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று மாவட்டத்திலும் ஒரே நேரத்தில் இதைக் கேட்கவில்லை. வரும் பருவத்தில் பாப்பாக்குடி ஒன்றியத்தின் அரசுப் பள்ளிகளில் ஹீமோகுளோபினுக்கும், முக்கூடலின் பீடிக் கடைகளில் காசநோய்க்கும் இந்தப் பக்கத்தை முதலில் எழுதி, அதன்பின் முகாமை நடத்திப் பாருங்கள். மாலை அறிக்கைப் படிவத்தில் “சிகிச்சை முடித்தவர்” என்ற கட்டத்தைச் சேர்த்து, அதை நான்காவது வாரத்திலும் ஆறாவது மாதத்திலும் எங்களிடம் கேளுங்கள். படிவத்தின் மாதிரியை நாங்களே தயாரித்துத் தருகிறோம். கட்டுப்பாட்டுத் திரவம், ஊதா மூடிக் குழாய், சளி டப்பா, குளிர்பெட்டி ஆகியவற்றுக்கான தேவைப் பட்டியலையும் ஒன்றிய வாரியாகக் கணக்கிட்டு, கொள்முதல் உத்தரவு போடும் முன் உங்கள் மேசைக்கு வரும்படி அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
நெல்லைச் சீமையின் ஆய்வக, களப் பணியாளர்கள் சிலர்